பாதியில் நின்றுபோகும் சிப்... காரணம் தேடிய காயில் கடைக்காரர் மகள்!

மேச்சேரியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவரின் மகள் அவள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், தங்க ஹாஸ்டலும் உண்டு என்று தோழி போன் பண்ணினாள். "ஒரு மூணு மாசம் பொறுத்துச் சொல்றேன்டி" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கடையில் எரிந்த மோட்டார்களுக்கும் செம்புக் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே ஒரு மர மேசையைப் போட்டுக்கொண்டாள்.

அவள் செய்ய நினைத்தது ஒரே ஒரு பொருள். போன் அடித்தால் போர் மோட்டாரை ஓட்டிவிடும், தண்ணீர் தீர்ந்தால் தானே நிறுத்திவிடும் ஒரு பெட்டி.

மேச்சேரிக்கு மேட்டூர் அணை கூப்பிடு தூரம்தான். ஆனால், 1934-ல் கட்டி முடித்த அந்த அணை 120 அடி நிரம்பியது என்று டி.வி-யில் சொல்லும்போது, இந்தப் பக்கத்து மேட்டுக்காட்டு விவசாயி தன் போரில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்றுதான் யோசிப்பார். நிலக்கடலையும் மரவள்ளியும் போரை நம்பி நிற்கின்றன. மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் மேச்சேரி ஆடு என்று ஓர் இனமே இந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது என்றால், மண் எவ்வளவு காய்ச்சல் கண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்முனை கரன்ட் ராத்திரியில் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு பயம் வேறு. அதனால்தான் செல்போன் ஸ்டார்ட்டர் பல காடுகளில் வந்துவிட்டது. அவளுடைய யோசனை எளிமையானது. கெட்டுப்போனால் முழு போர்டையும் தூக்கிப்போடாமல், மேச்சேரியிலேயே ஒரு கடையில் சரிசெய்துகொள்ளக்கூடிய பெட்டி.

பெட்டியின் மூளை, 28 கால்கள் கொண்ட ஏடிமெகா328 என்ற மைக்ரோகன்ட்ரோலர். அர்டுயினோ போர்டில் மாணவர்கள் போட்டுப் பழகுகிற அதே சிப். நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள். வேலைக்கான நினைவகம் 2,048 பைட். நீங்கள் இதைப் படிக்கிற போனோடு ஒப்பிட்டால் கடுகு. ஆனால், ஒரு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் அதுவே அதிகம்.

கடை மேசையில் அந்தப் போர்டு 11 நாள்கள் நிற்காமல் ஓடியது. மோட்டாருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பு. போன் அடித்தால் எரிந்தது. மறுபடி அடித்தால் அணைந்தது. பன்னிரண்டாம் நாள் பெரியப்பாவின் காட்டில் கொண்டுபோய் மாட்டினாள்.

மூன்றாம் நாளே நின்றுவிட்டது.

"என்ன கண்ணு, உன் பொட்டி தூங்கிருச்சு. நானும் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன்" என்றார் பெரியப்பா. போய்ப் பார்த்தால், நொடிக்கொரு தரம் சிமிட்ட வேண்டிய பச்சை விளக்கு, கண் இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டதும் எதுவுமே நடக்காததுபோல ஓடியது. சிப்பை மாற்றினாள். நான்கு நாளில் மறுபடி நின்றது. வேறு கடையில் வாங்கிய புது சிப்பைப் போட்டாள். இந்த முறை நின்றது ராத்திரியில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது.

சிப் உறைந்துபோனால் ரிலே எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருக்கும். போரில் தண்ணீர் தீர்ந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டிய மூளை கல்லாக நின்றது. விடிய விடிய வெறும் குழாயில் ஓடிய மோட்டார் காலையில் எரிந்து கிடந்தது. ஆள் வைத்து, குழாய் குழாயாகக் கழற்றி மேலே ஏற்றி, அது வந்து சேர்ந்த இடம் அப்பாவின் கடை. "காயிலு கட்டுற வேலை கொறஞ்சுபோச்சுன்னு அப்பனும் மகளும் சேந்து பண்றீங்களாடா?" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நிலக்கடலை பூ எடுத்து, விழுது இறங்குகிற நேரம் அது. ஐந்து நாள் தண்ணீர் போகவில்லை. அப்பா அண்ணனிடம் காசு வாங்காமல் காயில் கட்டிக் கொடுத்தார். அந்த ஐந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காவது சிப்பை வாங்கிவர அவள் பையை எடுத்தபோதுதான் அப்பா வாய் திறந்தார். "எரிஞ்ச மோட்டாரை எடுத்துட்டுப் புது மோட்டார் போட்டா, எரிச்ச காரணம் அங்கயேதானம்மா இருக்கும்?"

காயில் கட்டுகிறவர்கள் மோட்டாரைப் பிரித்ததும் உடனே கம்பியை வெட்டி எறிய மாட்டார்கள். ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மூன்று பேஸ் சுற்றில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதுசு மாதிரி பளபளத்தால், லைனில் ஒரு பேஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். (ஸ்டார் இணைப்பில் அப்படி; டெல்டா என்றால் ஒன்று கருகி இரண்டு தப்பிக்கும்.) எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை அதிகம், அல்லது குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெடித்தாற்போல இருந்தால் இன்சுலேஷன் அடிபட்டிருக்கிறது. காரணத்தைச் சொல்லி அனுப்பாவிட்டால் அதே மோட்டார் அடுத்த மாதம் திரும்பி வரும்; கெட்ட பெயர் கடைக்கு.

சிப்பில் இந்த வசதி இல்லை. உயிரோடிருக்கும் சிப்பும் உறைந்துபோன சிப்பும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரும்பாலும் சிப் கெட்டும் போயிருக்காது. பழைய சிப்கள் மூன்றையும் மேசையில் மறுபடி சோதித்தாள். மூன்றும் நன்றாக ஓடின. குற்றவாளி என்று நினைத்துத் தூக்கிப்போட்டவை எல்லாம் சாட்சிகள்.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. ஏன் நின்றது என்பதை விட்டுவிட்டு, எப்போது நிற்கிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

பெரியப்பா நோட்டுப் போட்டு எழுதுகிற ஆள் இல்லை. பெரியம்மாதான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். "காலை 6.10. மோட்டாரு நிறுத்துனதும் நின்னுபோச்சு." "மத்தியானம் 2. உங்க பெரியப்பா போன் போட்டாரு, அப்பவே நின்னுச்சு." ஐந்து வாரத்தில் 14 தாள்கள் சேர்ந்தன. மேசையில் பரப்பிப் பிரித்துப் பார்த்தாள். எட்டு முறை மோட்டாரை நிறுத்திய அதே நொடியில். நான்கு முறை போன் வந்தபோது. இரண்டு முறை எதிலும் சேரவில்லை. ஒரு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தாள்கள் மூன்று வியாதி என்றன. அதுவரை ஒன்றைச் சரிசெய்துவிட்டு, இன்னொன்றால் நின்றதும் முதலில் செய்ததே தப்பு என்று அதையும் கலைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் பலர் மாதக்கணக்கில் சுற்றுவது இந்த ஒரே குழியில்தான்.

முதல் எட்டுக்கு விடை சொன்னது அப்பாவின் கை.

காயிலுக்குள் கரன்ட் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். கரன்ட்டைத் திடீரென்று வெட்டினால் அந்தக் காந்தப்புலம் சரிந்து, ஒரு கணம் பல நூறு வோல்ட்டாக உதைக்கும். புத்தகம் படிக்காத அப்பாவுக்கு இது விரல் நுனியில் தெரியும். சின்ன பேட்டரியில் காயிலைச் சோதித்துவிட்டு ஒயரை எடுக்கும்போது எத்தனையோ முறை சுளீரென்று வாங்கியிருக்கிறார். "மேசையில என்ன எரிஞ்சுது? பல்புதான? பல்பு உதைக்காதும்மா. ஸ்டார்ட்டர் காயிலு உதைக்கும்."

போர்டிலிருந்த சின்ன ரிலேவின் குறுக்கே 4007 டயோடு போட வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தாள், போட்டும் இருந்தாள். ஆனால், அந்த ரிலே இழுக்கிற பெரிய கான்டாக்டரின் காயிலைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. அது ஏ.சி-யில் வேலை செய்யும் காயில். அங்கே டயோடு போட முடியாது. ஒரு ரெசிஸ்டரும் அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் ஒரு கண்டென்சரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் வேண்டும்.

அப்பா கடையிலிருந்த ஒரு பழைய கான்டாக்டரை எடுத்துப் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். டக், டக் என்று போட்டுப் போட்டு நிறுத்தினார். முப்பத்தேழாவது தடவையில் பச்சை விளக்கு இமைக்க மறந்தது. அவள் கை தட்டிச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார். பெட்டி நின்றுபோனதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்குக் குழப்பம். ஆனால், கெட்டதைத் தன் மேசையிலேயே வரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்னப்பரை மாட்டினாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் நீளமான ஃப்ளோட் ஒயர், கான்டாக்டர் ஒயரோடு ஒரே குழாயில் போய்க்கொண்டிருந்தது, அதைப் பிரித்தாள். சிப்பின் ரீசெட் கால் எதனோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிற கால், காற்றில் வரும் இரைச்சலை எல்லாம் கட்டளை என்று நம்பிவிடும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அதை 5 வோல்ட்டில் கட்டினாள். கடைகளில் 104 என்று கேட்டால் தருகிற 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரை, சிப்பின் பவர் கால்களுக்கு ஒட்டினாற்போல வைத்தாள். முன்பும் போட்டிருந்தாள்தான், ஆனால், போர்டின் மறு ஓரத்தில். பசிக்கும்போது சோறு அடுத்த தெருவில் இருந்து என்ன பயன்? கான்டாக்டரை அப்பா 500 தடவை அடித்தார். நிற்கவில்லை.

(ஒரு விஷயம். கிணற்று மேட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓடுவது 415 வோல்ட். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரோடு கிளம்ப வேண்டாம். தெரிந்த ஆளை வைத்து, மெயினை இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.)

அடுத்து, போன் வந்தால் நிற்கிற நான்கு தடவை. பழைய ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே ரேடியோ 'டிடிட்... டிடிட்' என்று கொறிக்கும். 2ஜி போன் தொடர்ச்சியாகப் பேசாது; நொடிக்குச் சுமார் 217 முறை, துண்டு துண்டாக அலையை அனுப்பும். அந்த ஒவ்வொரு துண்டின்போதும் பெட்டியிலிருக்கும் ஜி.எஸ்.எம். மாட்யூல் 2 ஆம்பியர் வரை உறிஞ்சும். துண்டின் நீளம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவள் சிப்புக்கும் மாட்யூலுக்கும் சேர்த்து ஒரே 7805 ரெகுலேட்டரை வைத்திருந்தாள். அதன் சக்தி 1 ஆம்பியரை ஒட்டித்தான். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் விட்ட கதை.

மல்டிமீட்டரில் பார்த்தால் ஜோராக 5.02 காட்டும். மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். அந்தக் கண நேரப் பள்ளம் அதன் கண்ணில் படாது. மீட்டரை நம்பியே பலர் 'பவர் ஓ.கே.' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆசிலோஸ்கோப் இருந்தால் அந்தப் பள்ளத்தைக் கோடாகவே பார்க்கலாம். அவளிடம் அது இல்லை.

கடை மேசையில் இது ஏன் வரவில்லை? கடை இருப்பது பஸ் போகிற ரோட்டில். டவர் பக்கம், சிக்னல் நிறைய. பெரியப்பாவின் காடோ ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் ஒற்றைக் கோடு. டவர் தூரமானால் போன் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டும். அதிகக் கரன்ட் இழுக்கும். அதே போர்டுதான். இடம் மாறியதும் நோய் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சிப்பே பேசியது. ஏடிமெகா சிப்புக்குள், தான் கடைசியாக ஏன் மறுபடி தொடங்க நேர்ந்தது என்பதைக் குறித்துவைக்கும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. எம்.சி.யு.எஸ்.ஆர். என்று பெயர். நான்கே குறிகள்: புதிதாகக் கரன்ட் வந்தது, வெளியிலிருந்து ரீசெட் வந்தது, வோல்ட்டேஜ் இறங்கியது, காவல் கடிகாரம் உலுக்கியது. கேட்டால் சொல்லும். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. சில பூட்லோடர்கள் நம் புரோகிராம் பார்ப்பதற்கு முன்பே அதை அழித்துவிடும் என்பதால், பூட்லோடர் இல்லாமலே புரோகிராமை ஏற்றினாள். ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் அந்தக் குறியை, கரன்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதிவைக்கச் செய்தாள்.

இன்னொரு மாற்றமும் செய்தாள். 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் தப்பில்லாமல் ஓட இந்தச் சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும். ஆனால், அர்டுயினோ ஊனோவில் வழக்கமாக இருக்கும் அமைப்புப்படி, வோல்ட்டேஜ் 2.7-க்குக் கீழே போனால்தான் சிப் தன்னை நிறுத்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு வோல்ட் பெரிய ஆபத்து. மயக்கத்தில் இருப்பவரிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினாற்போல, எங்கே எதை எழுதும் என்று சொல்ல முடியாது. எல்லையை 4.3 வோல்ட்டாக உயர்த்தினாள். அரைமயக்கத்தில் ஓடுவதைவிட நின்று, தெளிந்து, தொடங்கட்டும்.

ஒரு வாரம் கழித்து லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தால், போன் வந்த அத்தனை தடவையும் ஒரே குறி: 'வோல்ட்டேஜ் இறங்கியது.' மாட்யூலுக்குத் தனி பவர் சப்ளை, அதன் கால்களை ஒட்டி ஒரு 1,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர். நான்கும் தீர்ந்தன.

மீதி இரண்டு தாள்கள்தான் அவளைத் தூங்கவிடவில்லை. மோட்டார் ஓடவில்லை, போனும் வரவில்லை, நின்றிருக்கிறது. தாள்களின் முன்பக்கத்தைத் திருப்பினாள். இரண்டுமே ஆடி மாதம். அப்போதுதான் உறைத்தது, ஆடித் தள்ளுபடி! பெட்டியிலிருந்த சிம் கார்டுக்கு விளம்பர எஸ்.எம்.எஸ்-கள் அடைமழையாக வந்திருக்கின்றன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க நினைவகத்தில் இடம் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து... பஸ்ஸில் பத்து சீட் காலியாக இருந்தும், எல்லாம் அங்கங்கே ஒற்றை சீட்டாக இருந்தால் நான்கு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார முடியாதில்லையா? 2,048 பைட் பஸ்ஸில் அதுதான் நடந்தது. இடம் தேடிய புரோகிராம் அங்கேயே தடுமாறி நின்றது. புரோகிராமை மாற்றி, வருகிற செய்திக்கு அளவான ஒரே இடத்தை நிரந்தரமாக ஒதுக்கினாள். பெரியப்பாவின் நம்பரிலிருந்து வராத செய்தியைப் படிக்காமலே அழிக்கவும் செய்தாள்.

இவ்வளவுக்கும் பதிலாக, தொடக்கத்திலேயே அந்தக் காவல் கடிகாரத்தைப் போட்டிருக்கலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வாட்ச்டாக். புரோகிராம் அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சிப்பில் அதிகபட்சம் 8 நொடி தட்டாமல் விட்டால், மூளை உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் உலுக்கி முதலிலிருந்து தொடங்கிவிடும். அவசியம் வேண்டியதுதான். ஆனால், அது காரணத்தைத் தீர்ப்பதில்லை. இதற்கு உலகம் பார்த்த பெரிய உதாரணம் செவ்வாயில் இருக்கிறது. அதில் ஒரு கோயம்புத்தூர் தொடர்பும் உண்டு.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. வானிலைத் தகவல்களைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாள்களில், அதன் கணினி திடீர் திடீரென்று தானே மறுதொடக்கம் ஆனது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை கெட்டது. வாட்ச்டாக் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியில் அதே கோளாறை மறுபடி வரவைத்துப் பார்த்த பிறகே விஷயம் புரிந்தது.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் ரூம் சாவி ஒரு சின்னப் பையனிடம். தலைமைச் சமையல்காரருக்கு அரிசி வேண்டும், சாவிக்காகக் காத்திருக்கிறார். ஆனால், போட்டோகிராபர், மேளக்காரர், மாப்பிள்ளையின் மாமா என்று நடுவில் இருப்பவர்கள் ஆளாளுக்குப் பையனை நிறுத்திவைக்கிறார்கள். பையனைவிடப் பெரியவர்கள் என்பதால் அவனால் மறுக்க முடியாது. அடுப்பு காத்திருக்கிறது, முகூர்த்தம் நெருங்குகிறது. பொறுமை இழந்த மேனேஜர் எல்லாரையும் வெளியே அனுப்பி மறுபடி முதலிலிருந்து என்கிறார். பாத்ஃபைண்டரில் வானிலை வேலைதான் அந்தப் பையன், மேனேஜர்தான் வாட்ச்டாக்.

தீர்வு முன்பே எழுதப்பட்டிருந்தது. சாவி கையில் இருக்கும்வரை அந்தப் பையனைத் தலைமைச் சமையல்காரராகவே நடத்துங்கள், நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. இதைக் கணிதமாக நிறுவி 1990-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் மூவர்: லூயி ஷா, ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ரகுநாதன் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-ல் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பாத்ஃபைண்டரின் மென்பொருளில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. அந்த இடத்தில் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதைப் போட்டுவிட்டார்கள். மோட்டாருக்குப் பெயர்போன கோயம்புத்தூரில் படித்தவரின் யோசனை, செவ்வாயில் நின்று நின்று ஓடிய ஒரு மூளையைச் சரிசெய்தது என்பதை அப்பா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அவளும் வாட்ச்டாக்கைப் போட்டாள், கடைசியாக. அது எத்தனை முறை உலுக்கியது என்ற கணக்கும் ஈப்ராமில் ஏறியது. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். எப்படி நின்றாலும், எப்படித் தொடங்கினாலும், மோட்டார் 'ஆஃப்' நிலையில்தான் இருக்க வேண்டும். ரீசெட் ஆகிற கணத்தில் சிப்பின் கால்கள் எல்லாம் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். அப்போது ரிலே தானாக இழுத்துவிடாமல் டிரான்சிஸ்டரைக் கீழே பிடித்துவைக்க ஒரு ரெசிஸ்டர் சேர்ந்தது. நின்ற மோட்டாரை உடனே ஓட்டவும் கூடாது. குழாயிலிருக்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைப் பின்பக்கமாகச் சுற்றும். அந்த நேரத்தில் கரன்ட் கொடுத்தால் தண்டு முறியும். சில நிமிடம் காத்திருந்துதான் போன் அழைப்பை ஏற்கும்படி எழுதினாள்.

பெரியம்மாவின் காலண்டர் வேறொரு உபகாரமும் செய்தது. ஒரு மண்டலம் தாண்டியும் பெட்டி நிற்காமல் ஓடியபோது, "நாப்பத்தெட்டு நாள் ஆச்சு, அம்மனுக்கு ஒரு தேங்காய் ஒடைச்சுட்டு வா கண்ணு" என்றார். பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் அவளுக்கு 49 என்ற எண் ஞாபகம் வந்தது. சிப் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி கணக்கில் எண்ணும். அந்த எண்ணிக்கை 429 கோடியைத் தாண்டி, 49 நாள் 17 மணி நேரத்தில் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். நேரத்தைக் கழித்துப் பார்க்காமல், 'இதைவிடப் பெரியதா' என்று மட்டும் கேட்கிற புரோகிராம் அன்று குழம்பும். விண்டோஸ் 95 கணினிகள் இதே 49.7 நாளில் உறைந்திருக்கின்றன. போயிங் 787 விமானத்தில் 248 நாள் தொடர்ந்து கரன்ட்டில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றுபோகலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத்துறை உத்தரவே போட்டது. அங்கே எண்ணியது நூறில் ஒரு நொடி கணக்கில். அவள் கடைக்கு ஓடிவந்து புரோகிராமைத் திறந்தாள். ஓர் இடத்தில் 'பெரியதா' என்றுதான் இருந்தது. அன்று ராத்திரியே காட்டுக்குப் போய் மாற்றி ஏற்றினாள். பெரியப்பா டார்ச் பிடித்தார்.

அதன்பிறகு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேர் பெட்டி கேட்டார்கள். மோட்டார் எரிந்த கதை தெரிந்தும் கேட்டார்கள். ஓசூர்த் தோழி மறுபடி போன் பண்ணியபோது, அவள் மூன்றாவது போர்டுக்கு சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஒரு காகிதம் ஒட்டித் தருகிறாள். நின்றுபோனால் எழுதித்தர வேண்டியவை: மணி என்ன? மோட்டார் ஓடியதா, நின்றதா, அப்போதுதான் நிறுத்தியதா? போன் வந்ததா? மழையா, வெயிலா? விளக்கு சிமிட்டுகிறதா, முறைக்கிறதா?

இரண்டாவது பெட்டி, போன மாதம் ஒரு மரவள்ளிக் காட்டில் நின்றது. காகிதத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதி வந்தது. குறியைப் பார்த்தாள். வோல்ட்டேஜ் இறங்கவில்லை, வாட்ச்டாக் உலுக்கவில்லை, கணக்குப்படி சிப் நிற்கவே இல்லை. தொட்டி நிரம்பிவிட்டது என்று யாரோ அதனிடம் சொல்லிக்கொண்டே இருக்க, அது பணிவாக மோட்டாரை ஓட்டாமல் இருந்திருக்கிறது. அரை நாள் புரோகிராமைப் புரட்டினாள். அப்பா வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃப்ளோட் ஒயர் முறுக்கியிருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு ஒயருக்கும் நடுவே ஈரமண்ணும் வெள்ளை முட்டைகளுமாக, எறும்புக் குடும்பம் ஒன்று குடியேறியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பெட்டியின் மூலையில் இரண்டு அந்துருண்டையைப் போட்டு மூடினார். அவள் காகிதத்தில் இன்னொரு வரியைச் சேர்த்தாள்: எறும்பு இருக்கிறதா?